டான்டினோங்கிலிருந்து கென்

1

இந்த மாதம் என் தம்பி குகனுக்கு ஆண்டுத் திவசம் செய்யவேண்டும். எந்த நாளில் செய்வது என்று தெரியவில்லை. நான் மறந்துபோய்விட்டேன் என்று நினைக்கவேண்டாம். அவன் எந்த நாளில் செத்தான் என்பது மெல்பேர்ன் பொலிசாருக்கும் தெரியாது, அவனை அறுத்துப் பார்த்த டொக்டருக்கும் தெரியாது.

போன வெள்ளிக்கிழமை இங்கே மொன்றியல் கோயிலில் ஐயரைக் கண்டு கதைத்தேன்.

"திகதியைச் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பஞ்சாங்கத்தில பாக்கிறன்" என்றார்.

"திகதிதான் ஐயா இல்லை."

"இல்லையெண்டா?"

"ஜனவரி மாசம். ரெண்டாம் கிழமையாய் இருக்கவேணும். இல்லாட்டி அதுக்கு முதல் கிழமை."

ஐயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு கிழமைக்குள்ள ஏழெட்டுத் திதி வந்து போகும். இது என்ன கீரைக்கடையே, ஒரு பிடி அள்ளித் தாறதுக்கு?"

பகிடியாகத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டார். "வடிவா விசாரிச்சுக்கொண்டு வாங்கோ. அவசரமில்லை."

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்து எனக்குக் கைவராது. ஆனால் விசாரிக்கச் சொன்னால் விசாரிப்பேன். சின்ன வயதிலிருந்தே எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன் நான், பயந்தவனுக்கு விசாரிப்பதுதான் முழுநேர வேலை. தம்பி போன நாளைத் தேடிக்கொண்டு போனால் அது ஒரு வானொலி நிலையத்தில் போய் முட்டி நிற்கிறது. அதைத்தான் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். இங்கே யாருக்கும் சொன்னால் விளங்குவதில்லை.

2

கனடாவுக்கு முன்னர் நான் அவுஸ்திரேலியாவில் இருந்தவன். எண்பதுகளின் கடைசியில் மெல்பேர்னுக்குப் போய் இறங்கினேன். நகரத்துக்கு வெளியே டான்டினோங் என்று ஓரிடம், அங்கே கார்களுக்கு இருக்கை தைக்கிற தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தையல் மெசின்களுக்கு மேலே சுவரில் ஒரு பலகைத் தட்டு. அதிலே ஒரு வானொலி.

அந்த வானொலியின் குமிழ் எப்போதோ உடைந்து விழுந்துவிட்டது. நிலையம் மாற்றுவதென்றால் குறடு வேண்டும். குறடு மேற்பார்வையாளர் டோனியின் காற்சட்டைப் பையில் இருந்தது. டோனி இத்தாலிக்காரர். அதனால் நாங்கள் எதைக் கேட்பது என்பதை அவர்தான் தீர்மானித்தார்.

எனக்கு ஆங்கிலம் சொல்லித்தந்தது அந்த நிலையத்தின் விளம்பரங்கள். கம்பளக்கடை, மெத்தைக்கடை, பழைய கார் விற்கிற இடம். 'குட் மோர்னிங்' வாயில் ஒழுங்காக வருவதற்கு முன்னரே 'நோ டிப்பொசிற்', அதாவது முற்பணம் வேண்டாம், வந்துவிட்டது. ஒருநாள் மத்தியானம் தேத்தண்ணி வண்டில் வந்தபோது, கடைசி இரண்டு பணிஸ்தான் மிஞ்சியிருந்தது, டோனியைக் கூப்பிடவேண்டும், சொல் வரவில்லை. மெத்தைக்கடைக்காரனின் குரலிலேயே "விரைந்து வாருங்கள், இருப்பு உள்ளவரை மட்டுமே" என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டேன். டோனி சிரித்து மெசினில் சாய்ந்துவிட்டார். அதன்பிறகு அங்கிருந்து வெளிக்கிடும்வரை எனக்கு அந்த மெத்தைக்கடையின் பெயர்தான்.

அந்த நிலையத்துக்கென்று ஒரு நாளொழுங்கு இருந்தது. காலையில் ஓர் ஆணும் பெண்ணும் ஒன்றுமில்லாததற்குச் சிரிப்பார்கள். பத்து மணிக்கு ஒரு கிழவர் வந்து நேயர்களோடு சண்டை பிடிப்பார். வந்தேறிகளால்தான் நாடு கெட்டது என்பது அவருடைய கட்சி. தமிழர், வியற்நாமியர், துருக்கியர் என்று முப்பது வந்தேறிகள் அதைக் கேட்டுக்கொண்டு கார் இருக்கை தைத்தோம். மத்தியானத்துக்குப் பிறகு பாட்டு. சனிக்கிழமை ஓவர்டைம் என்றால் குதிரைப் பந்தயம், ஒரே மூச்சில் குதிரைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு போகிற ஒருவருடைய குரல்.

ஆனால் அந்த வர்த்தக நிலையங்களை நம்பக்கூடாது. யாரோ ஒருவர் அதை வாங்குவார், யாரோ விற்பார். ஒரு திங்கட்கிழமை காலை போய்ப் பார்த்தால் பெயர் மாறியிருக்கும், குரல்கள் மாறியிருக்கும், கிழவர் இருக்கமாட்டார். முதல்முறை அப்படி நடந்தபோது டோனி வானொலி பழுதாகிவிட்டது என்று நினைத்து அதன் முதுகில் குறடால் தட்டினார். பிறகு எஃப்.எம்முக்குப் போனார்கள். பிறகு மெல்லிசை மட்டும் என்றார்கள். பிறகு பாட்டே இல்லை, பேச்சு மட்டும் என்றார்கள். பிறகு மறுபடி பாட்டு, இந்த முறை 'பொற்காலப் பாடல்கள்' என்ற பெயரில். நான் விமானத்தால் இறங்கிய வருடம் புதுப்பாட்டாக இருந்ததை எல்லாம் பொற்காலம் என்று போட்டார்கள். எனக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. அன்றைக்கு முழுக்க மனம் சரியில்லை.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் எனக்கு ஒரு பயம் வரும். நிலையத்தையே ஒரு நாளில் மாற்றுகிறவர்கள் தொழிற்சாலையை மாற்ற எவ்வளவு நேரம் என்று யோசிப்பேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். தொழிற்சாலை பிறகு மூடித்தான் போனது.

3

தொண்ணூறுகளின் நடுவில் குகன் வந்து சேர்ந்தான். ஊரில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவன். என்னோடு அதே தொழிற்சாலையில் சேர்ந்த முதல்நாளே தட்டில் இருந்த வானொலியைக் காட்டி, "அண்ணை, ஒருத்தரும் சுத்தாமல் பாடுது" என்றான்.

எங்கள் ஊர்ப் பக்கத்து மூத்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நேயர் விருப்பம் என்று போட்டால் நாங்கள் பாட்டுக் கேட்பதற்காக இருப்பதில்லை. பெயர் கேட்க இருப்போம். தபாலட்டையில் வீட்டில் உள்ள அத்தனை பேருடைய பெயரையும், பிறக்கப்போகிற பிள்ளையைத் தவிர்த்து, எழுதி அனுப்புவோம். அறிவிப்பாளர் வாசித்து முடித்ததும் எழும்பிப் போய்விடுவோம், பாட்டு தன்பாட்டில் பாடிக்கொண்டிருக்கும். இன்னார் வீட்டில் இத்தனை பேர் சுகமாக இருக்கினம் என்று நாலு ஊருக்குச் சொல்லியாயிற்று, அதுவே போதும்.

குகன் அந்தப் பழக்கத்தை மெல்பேர்னுக்குக் கொண்டுவந்தான். அந்த நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிரெக் என்ற அறிவிப்பாளர் நேயர் கேட்கிற பழைய பாட்டுகளைப் போடுவார். குகன் தொலைபேசி எடுத்தான். கிரெக்கின் வாயில் 'குகநேசன்' நுழையவில்லை. "கென் என்று வைத்துக்கொள்வோமா?" என்றார். வைத்துக்கொண்டார்கள். "டான்டினோங்கிலிருந்து கென்." யாருக்காகப் பாட்டு என்று கேட்டதும் குகன் தொடங்கினான்: அண்ணைக்கு, ஊரில் அம்மாவுக்கு, பெரியக்காவுக்கு, அவவின் புருசனுக்கு, அவர்களுடைய மூன்று பிள்ளைகளுக்கு, பேரோடு. கிரெக் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நண்பரே, இடையில் ஒரு பாட்டும் போடவேண்டும்" என்றார். தொழிற்சாலையில் ஒரு மாதம் அதே கதை.

போகப் போகப் பட்டியலைச் சுருக்கிக்கொண்டான். ஆனால் விடவில்லை. எத்தனை முதலாளி மாறியும் கிரெக்கின் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தப்பிக்கொண்டு வந்தது. விலை குறைந்த நேரம், யாரும் கவனித்திருக்கமாட்டார்கள்.

4

எனக்குக் கலியாணம் மொன்றியலில் பேசினார்கள். மனைவி சாந்தியின் ஆட்கள் முழுப்பேரும் இங்கே. மாமிக்குச் சுகமில்லை, கொஞ்சக் காலம் இங்கேயே இருங்கோவன் என்றார்கள். அந்தக் கொஞ்சக் காலம் இருபது வருடத்தைத் தாண்டிவிட்டது. மொன்றியலின் ஒரு பக்கமான லாசாலில் போத்தல் மூடி செய்கிற தொழிற்சாலையில் நிற்கிறேன். இங்கேயும் வானொலி பாடுகிறது, பிரெஞ்சில். வாகன நெரிசலும் காலநிலையும் மட்டும் விளங்கும். விளம்பரத்தில் பாஷை பழகுகிற வயது போய்விட்டது.

அங்கே மெல்பேர்னில் குகனுக்கு எல்லாம் கழன்று விழுந்தது. முதலில் தொழிற்சாலை மூடியது, பிறகு முதுகு போனது, பிறகு மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு சிட்னிக்குப் போய்விட்டாள். குடித்தானா என்று கேட்டால் குடித்தான்தான். நான் ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுத்தேன்.

"சாப்பிட்டியோ?"

"ஓம்."

"என்ன சாப்பிட்டனி?"

"சோறு."

"என்ன கறி?"

"அண்ணை, நீங்கள் என்ன சுங்க அதிகாரியோ? பெட்டியைத் திறந்து காட்டட்டோ?"

"டொக்டரிட்டப் போனனியோ?"

அதோடு தொலைபேசியை வைத்துவிடுவான். பிறகு பிறகு தொலைபேசியே எடுக்காமல் விட்டான். கடைசியாக ஒருநாள் அவனே எடுத்தான்.

"இஞ்ச பாருங்கோ அண்ணை. உங்கட கேள்வியள் எனக்கு ஏலாது. ஞாயிற்றுக்கிழமை காலமை கிரெக்கின்ர புறோகிறாமைக் கேளுங்கோ. நான் அதில வந்தால் இருக்கிறன் எண்டு அர்த்தம். அதுக்கு மேல ஒண்டும் கேக்கப்படாது."

"இங்க எப்பிடியடா அது கேக்கும்?"

"உங்கட மகளைக் கேளுங்கோ."

மகள் மதுரா என் தொலைபேசியில் இரண்டு தட்டுத் தட்டினாள். மெத்தைக்கடை விளம்பரம் லாசாலில் என் குசினிக்குள் வந்தது. வேறு கடை, அதே அவசரம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பா, இது வெறும் விளம்பரம்" என்றாள் அவள், நான் எதற்கு அழுகிறேன் என்று விளங்காமல்.

அங்கே ஞாயிறு காலை எட்டு மணி என்றால் இங்கே குளிர்காலத்தில் சனி பின்னேரம் நாலு. இரண்டு நாட்டிலும் மணிக்கூட்டை மாற்றுவார்கள், ஒருவன் முன்னுக்கு, ஒருவன் பின்னுக்கு, அதுவும் வேறு வேறு கிழமையில். அந்தக் கிழமைகளில் நான் பயத்தில் இரண்டு மணி நேரம் முன்னரே போட்டுவிட்டு இருப்பேன்.

கிழமைக்குக் கிழமை வரமாட்டான். மாதத்தில் இரண்டு முறை, மூன்று முறை. "டான்டினோங்கிலிருந்து கென், தொடர்பில் இருக்கிறார்" என்று கிரெக் சொல்வார். "காலை வணக்கம் கிரெக்" என்று அவன் குரல் வரும். அன்றைக்குக் குடித்திருக்கிறானா, இருமுகிறானா, சிரிப்பு எங்கிருந்து வருகிறது, எல்லாம் பார்ப்பேன். "மொன்றியலில் இருக்கிற என் அண்ணனுக்காக" என்று சொல்லி முடித்ததும் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போடுவேன். பாட்டு தன்பாட்டில் போகும்.

மதுரா இங்கே பிறந்தவள், சித்தப்பாவை நேரில் கண்டதில்லை. முகத்தைவிடக் குரல்தான் அவளுக்குப் பழக்கம். சிநேகிதிகளோடு பிரெஞ்சில் கதைத்துக்கொண்டு குசினிக்குள் வருவாள், குரல் கேட்டால் "ஓ, கென்" என்பாள். சித்தப்பா என்று சொல்லு என்பேன். "றேடியோவில கென் எண்டுதானே சொல்லுகினம்" என்பாள்.

இதற்கிடையில் நிலையம் மெலிந்துகொண்டு வந்தது. முதலில் மெல்பேர்ன் செய்தியை நிறுத்திச் சிட்னியிலிருந்து ஒரே செய்தியை எல்லா நகரத்துக்கும் அனுப்பினார்கள். பிறகு வீதி நிலவரம் போனது. காலை அறிவிப்பாளர்கள் ஊர்ப் பெயர் சொல்லாமல் வணக்கம் சொல்லப் பழகினார்கள். மழை பெய்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை, எந்த ஊரில் என்று கேட்பார்களே. விளம்பரமெல்லாம் பந்தயம் கட்டச் சொல்லிக் கூப்பிட்டது. கிரெக்குக்கு வயது போய்விட்டது என்பது மூச்சில் தெரிந்தது. சரி, இவர் நிற்கும்வரை நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

5

போன வருடம் ஜனவரி. டிசம்பரில், நத்தாருக்கு முந்திய ஞாயிறு குகன் வந்தான், கிறிஸ்மஸ் வாழ்த்துச் சொன்னான். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு இல்லை. மெல்பேர்னில் பொல்லாத வெயில் என்று செய்தியில் பார்த்தேன். குகனுடைய வீடு தகரக் கூரை போட்ட சின்ன வாடகை வீடு. தொலைபேசி எடுத்தேன், அடித்து அடித்து நின்றது. மூன்றாவது சனிக்கிழமையும் அவன் வராவிட்டால் ரவியைப் போய்ப் பார்க்கச் சொல்வது என்று முடிவெடுத்தேன். ரவி எங்களோடு அந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தவன், குகனுக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறான்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் இப்பவே எடுக்கலாம்தானே?" என்று சாந்தி கேட்டாள்.

"ஆளை அனுப்பினால் கோவிப்பான். பிறகு றேடியோவுக்கும் வராமல் விட்டிடுவான்."

சனிக்கிழமை நாலரை மணி இருக்கும். ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. கிரெக் சொன்னார்: "டான்டினோங்கிலிருந்து கென், தொடர்பில் இருக்கிறார்."

சாந்தியைக் கத்திக் கூப்பிட்டேன். நல்ல குரல், தெளிவான குரல், குடித்ததாகவே தெரியவில்லை. "செவ்வாய்க்கிழமைக்கு எந்தக் குதிரை, கென்?" என்று கிரெக் கேட்டார். அவன் ஏதோ பகிடி சொல்லிச் சிரித்தான். "மொன்றியலில் உங்கள் அண்ணன் பனிக்குள் புதைந்துவிட்டாரா?" "இன்னும் பனி தொடங்கவில்லை, கிரெக். அண்ணன் இப்போதுதான் குளிர்ச்சட்டையைத் தேடுகிறார்." நான் ஜன்னலால் பார்த்தேன். வீதியில் நிற்கிற கார்களின் மேற்கூரை மட்டும்தான் பனிக்கு மேலே தெரிந்தது. "பார் இவனை, அங்க வெயிலெண்டா உலகம் முழுக்க வெயிலெண்டு நினைக்கிறான்" என்று சாந்திக்குச் சொல்லிச் சிரித்தேன். பிறகு எழும்பித் தேத்தண்ணி போட்டேன். ரவிக்கு எடுக்கவில்லை.

நான் அவுஸ்திரேலியாவில் இருந்த காலத்தில் கோடை விடுமுறைக்கு அறிவிப்பாளர்கள் போனால் பதிலுக்கு ஒரு சின்னப் பெடியனையோ பெட்டையையோ கொண்டுவந்து இருத்துவார்கள். தட்டுத் தடுமாறி வாசிப்பார்கள், ஆனால் உயிரோடு வாசிப்பார்கள். இப்போது அதற்கும் காசில்லை. வருடத்தில் நல்லாய்ப் போன நிகழ்ச்சிகளை எடுத்து மறுபடி போட்டுவிடுகிறார்கள். விளம்பரங்களுக்கிடையில் ஒரு பெண்குரல் 'கோடைக்காலத் தொகுப்பு' என்று சொல்லித்தான் இருக்கிறது. விளம்பரத்துக்குக் காது கொடுப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

6

அதற்குப் பிறகு ஒரு கிழமைக்கு மேல் போய் ரவி எடுத்தான். பக்கத்து வீட்டுக் கிழவி பொலிசுக்குச் சொல்லியிருக்கிறா. குகன் வெளியே வைத்த குப்பைத் தொட்டி உள்ளே போகாமல் வீதியிலேயே நின்றதாம். அடுத்த குப்பை நாளும் வந்து போய், தொட்டி அப்படியே நின்றதாம்.

பிறகு ஒரு பொலிஸ் பெண் எடுத்தார். நல்ல மாதிரியாகத்தான் கதைத்தார். கடைசியாக எப்போது அவரோடு தொடர்பு என்று கேட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன்.

"நிச்சயமாகவா? டொக்டர் அதற்கு முதலே நடந்திருக்கலாம் என்கிறார்."

"நிச்சயம். வானொலியில் வந்தவர். என் காதால் கேட்டேன். மனைவியும் கேட்டவர்."

அவர் எழுதிக்கொண்டார். நான் அடித்துச் சொன்னபடியால் டொக்டரும் யோசித்ததாகப் பிறகு அறிந்தேன். பாஸ்போட் புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம், என்னால் போக முடியவில்லை. அவனுக்கு மனைவியாய் இருந்தவளும் மகளும் வந்து எரித்தார்கள். மதுரா தொலைபேசியைப் பிடிக்க நான் பார்த்தேன். மூடிய பெட்டி. நடுவில் படம் உறைந்து நின்றுவிட்டது.

எரித்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வேலையில் ஹெயிட்டிக்காரன் ழோசெஃப் ஹொக்கிப் பந்தயத்துக்குப் பேர் சேர்த்துக்கொண்டு வந்தான். "செவ்வாய்க்கிழமைக்கு யார், மிஸ்யூ? சொல்லுங்கள்" என்றான். என் கை போத்தல் மூடிப் பெட்டிக்குள் அப்படியே நின்றது. செவ்வாய்க்கிழமைக் குதிரை. மெல்பேர்னில் ஊரே லீவு போட்டுவிட்டுப் பார்க்கிற பெரிய குதிரைப் பந்தயம் நவம்பர் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஜனவரியில் அல்ல. அந்த நாட்டில் அத்தனை வருடம் இருந்தவன் நான். பனி இன்னும் தொடங்கவில்லை. அண்ணன் இப்போதுதான் குளிர்ச்சட்டை தேடுகிறார். இலையுதிர் காலத்துக் கதையைக் கேட்டு ஜனவரியில் சிரித்திருக்கிறேன்.

ழோசெஃப் தண்ணீர் கொண்டுவந்து தந்தான். அந்தப் பொலிஸ் பெண்ணுக்கு எடுத்து, நான் சொன்னது பிழை, அது பழைய ஒலிப்பதிவு என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார். பிறகு, "நன்றி ஐயா. அப்படியென்றால் டொக்டர் சொன்னது சரியாக வருகிறது" என்றார். குப்பைத் தொட்டியை வைத்த நாளுக்கும் அந்த ஞாயிற்றுக்கும் இடையில். அதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாதாம். நான் ரவிக்கு எடுத்திருந்தாலும் ஒன்றும் ஆகியிராது என்றும் சொன்னார். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்தச் சனிக்குச் சரி. அதற்கு முந்திய சனிக்கு யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

மரணச் சான்றிதழ் வந்தது. இன்ன திகதிக்கும் இன்ன திகதிக்கும் இடையில் என்று போட்டிருந்தார்கள். சகோதரம் செத்தால் இங்கே வேலையில் லீவு உண்டு. அலுவலகத்தில் இருந்த பெண்ணிடம் கொண்டுபோனேன். எனக்குப் பிரெஞ்சு போதாது என்று மதுராவும் வந்தாள். அந்தப் பெண் திரையைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார், மதுராவிடம் ஏதோ சொன்னார்.

"அப்பா, கொம்பியூட்டர் ரெண்டு திகதி எடுக்காதாம். ஒண்டைச் சொல்லட்டாம்."

"எந்த ஒண்டை?"

"எதையாவது சொல்லுங்கோ அப்பா. அவ ஒண்டும் சொல்லமாட்டா."

"அதெப்பிடி எதையாவது சொல்லுறது? அது அவன் செத்த நாள்."

"அப்பா, பின்னால ஆக்கள் நிக்கினம்."

நான் சான்றிதழை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நான் வேலைக்குப் போகாத நாட்களைப் பிரயாணத்துக்கென்று வைத்திருந்த லீவில் கழித்தார்கள். பஸ்ஸில் வரும்போது மதுரா என் கையைப் பிடித்து, "சித்தப்பாவின்ர அந்த ஓடியோ வேணுமெண்டா நான் ஸ்ரேசனுக்கு எழுதிக் கேக்கிறன்" என்றாள். முதன்முதலாகச் சித்தப்பா என்றாள்.

எழுதினாள். மறுமொழி வரவில்லை. கோடை விடுமுறை முடிந்தும் கிரெக் திரும்பி வரவில்லை, நிலையம் மறுபடி கைமாறியிருந்தது. இப்போது அந்த இடத்தைத் தட்டினால் இருபத்துநாலு மணித்தியாலமும் குதிரையும் நாயும் ஓடுகின்றன.

7

ஐயர் விசாரிக்கச் சொன்னபடியால் ரவிக்கு மறுபடி எடுத்தேன்.

"ரவி, பொலிசோட நீதானே உள்ளுக்குப் போனனீ. பால் போத்தல், பேப்பர், ஏதாவது திகதியோட கிடந்ததோ? யோசிச்சுப் பார்."

"அண்ணை, அதைக் கேக்காதேங்கோ. எனக்கு இப்பவும் அந்த மணம் மூக்கில நிக்குது."

"திதிக்குத்தானடா கேக்கிறன்."

"உங்களுக்கு ஒண்டு சொல்லாமல் விட்டனான். சொல்லுறதோ விடுறதோ எண்டு ஒரு வருசமா யோசிக்கிறன்."

"சொல்லு."

"கதவை உடைக்கேக்க உள்ளுக்கு ஆக்கள் கதைக்கிற சத்தம் கேட்டது. பொலிஸ்காரி துவக்கில கையை வைச்சிட்டா. உள்ளுக்குப் போய்ப் பாத்தால் றேடியோ. குசினி மேசையில பாடிக்கொண்டிருக்கு. அவன் அதுக்குக் கீழ நிலத்தில கிடந்தவன்."

"என்ன ஸ்ரேசன்?"

"வேற என்ன அண்ணை. உங்கட ஸ்ரேசன்தான்."

தொலைபேசியை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் யோசிப்பதை நிறுத்தப் பார்க்கிறேன், முடியவில்லை. அந்த ஞாயிறு காலை எட்டரை மணிக்கு அந்தத் தகரக் கூரை சூடேறத் தொடங்கியிருக்கும். கிரெக், டான்டினோங்கிலிருந்து கென் என்று சொல்லியிருப்பார். அந்தக் குசினியில் குகன் காலை வணக்கம் சொல்லியிருப்பான், குதிரையைப் பற்றிப் பகிடி விட்டிருப்பான், சிரித்திருப்பான், அண்ணனுக்குப் பாட்டுக் கேட்டிருப்பான். எல்லாம் நிலத்தில் கிடந்த குகனுக்கு மேலால் போயிருக்கும். அதே நேரம் இங்கே நான் சாந்திக்குச் சொல்லிச் சிரித்துக்கொண்டு கேத்தலில் தண்ணீர் வைத்தேன்.

8

இவ்வளவும் எழுதியபிறகு, நேற்று ஐயரிடம் போய், விசாரித்துவிட்டேன், நாள் இல்லை என்றேன். மூத்தவன் இளையவனுக்குச் செய்யலாமோ என்று சாந்திக்கு ஒரு யோசனை இருந்தது, அதையும் கேட்டேன்.

"செய்ய வேற ஆள் இல்லையெண்டா நீங்கள்தான் செய்யவேணும். திதி தெரியாட்டி அந்த மாச அமாவாசை. நாளைக்கு அமாவாசைதான், வாங்கோ. வன்னியில காணாமல் போன பிள்ளையளுக்கு வருசா வருசம் அப்பிடித்தான் செய்விக்கிறம். கனபேர் வருவினம்."

இன்று காலை போனேன். பஸ்ஸுக்கு நின்றதில் கால்விரல் மரத்துவிட்டது. கோயில் மண்டபத்தில் கம்பளம் விரித்து மோட்ச அர்ச்சனைக்கு வரிசையாக இருந்தார்கள், ஐயர் சொன்னபடி கனபேர். குளிர்ச்சட்டையைக் கழற்றாமல், ஆளுக்கொரு தட்டில் தேங்காய், பழம், எள்ளெண்ணெய். ஐயர் வரிசையாக வந்து பெயரும் நட்சத்திரமும் கேட்டுப்போனார். திதி என்ன என்று ஒருவரிடமும் கேட்கவில்லை.

எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா. எழுபது வயது இருக்கலாம்.

"தம்பி, உங்கட ஆர்?"

"சகோதரம் அக்கா. இளையவன்."

"எனக்கு மகன். சண்டை முடியிற நேரம், வன்னியில. ஆமி பஸ்ஸில ஏத்தினதைக் கண்டவை இருக்கினம். பிறகு ஒண்டும் இல்லை." வானிலையைச் சொல்வதுபோலச் சொன்னார். பல தடவை சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல். "உங்கட சகோதரமும் வன்னியிலயோ?"

"இல்லை அக்கா. அவுஸ்ரேலியாவில."

"அங்க என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை. வீட்டுக்குள்ளதான் இருந்தவன்."

"வீட்டுக்குள்ளயோ?"

"ஓம்."

அவர் தன்னுடைய தட்டை ஒதுக்கி, என்னுடையதை வைப்பதற்கு இடம் விட்டார்.